பாலை மரம்: அதன் குணங்களும் அதைக் காக்கும் முறையும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் வகுப்புக்குரிய பாடம்)

1. பாடத்தின் நோக்கம்

கிராமத்து மரங்களை இரு வகையாகப் பிரிக்கலாம். நட்டவனே வெட்டிப் பணம் காணக்கூடிய மரங்கள் ஒரு வகை. சவுக்கும் தைல மரமும் இவ்வகையைச் சேர்ந்தவை. பாட்டன் காலத்தில் முளைத்துப் பேரன் காலத்தில் முழுப் பயனுக்கு வரும் மரங்கள் மற்றொரு வகை. முதல் வகை மரங்களை வெட்டினால் மீண்டும் நட்டுக்கொள்ளலாம். இரண்டாம் வகை மரம் ஒன்று வெட்டுண்டால், வெட்டியவனுடைய ஆயுளில் அதற்கு ஈடு கிடைப்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் இவ்விரண்டாம் வகைக்குச் சிறந்த உதாரணமாக நிற்பது பாலை மரம்.

ஒரு காலத்தில் ஊர்தோறும் உலக்கைக்கும் செக்குக்கும் உதவிய இம்மரம், இன்று பெரும்பாலும் ஐயனார் கோயில் காடுகளிலும், எஞ்சிய சில இயற்கைக் காடுகளிலும் மட்டுமே காணத்தக்கதாக அருகிவிட்டது. பெயரைக் கேட்டிருப்பவர் பலர். மரத்தை நேரில் கண்டு இன்னதென்று சொல்லக்கூடியவர் சிலர். அடையாளம் தெரியாத மரத்தைக் காப்பவர் யாரும் இலர். ஆகையால் பாலையை அறிந்துகொள்ளும் வகை, அதன் உறுப்புகளின் இயல்பு, அதனால் விளையும் பயன், அதைப் பெருக்குவதற்குச் சங்கங்கள் செய்யக்கூடிய காரியம் ஆகிய நான்கையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

2. பெயரால் உண்டாகும் மயக்கம்

தமிழில் பாலை என்னும் சொல் பால் உள்ள பல மரங்களுக்கு வழங்கி வருகிறது. வெட்பாலை வேறு, ஏழிலைப்பாலை வேறு, இப்பாடத்திற்குரிய பாலை வேறு. இதை உலக்கைப்பாலை என்றும், கணுப்பாலை என்றும் அழைப்பர். சங்க நூல்களில் ஐந்திணைகளுள் ஒன்றாகிய பாலைத் திணை மரத்தின் பெயரால் அமைந்தது. அந்த மரம் இவற்றுள் எது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு.

இம்மயக்கத்தை நீக்குவதற்காகவே சாஸ்திர நூலார் ஒவ்வொரு மரத்துக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான இரட்டைப் பெயர் ஒன்றை அமைத்துள்ளனர். பாலைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘மணில்காரா ஹெக்ஸாண்ட்ரா’ என்பது. கிழக்குக் கரையின் செடிகொடிகளை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க் 1795-இல் வெளியிட்ட நூற்பகுதியில் இம்மரத்தை விவரித்து, மகிழ மரத்தின் இனத்தில் சேர்த்துவைத்தார். பின்னர் 1915-இல் துபார் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதை ‘மணில்காரா’ என்னும் இனத்துக்கு மாற்றினார். ‘மணில்காரா’ என்பது மலையாளக் கரையில் வழங்கிய ஊர்ப்பெயர். 17-ஆம் நூற்றாண்டில் அச்சான ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பெருநூலின் வழியாக அது சாஸ்திர வழக்கில் புகுந்தது. ‘ஹெக்ஸாண்ட்ரா’ என்பதற்கு ஆறு ஆண் கேசரங்களை உடையது என்பது பொருள். ஆக, பெயரின் ஒரு பாதி இத்தென்னாட்டு மக்கள் கொடுத்தது. மறு பாதி பூவைப் பிரித்து எண்ணிப் பார்த்தவர் கொடுத்தது.

3. குடும்பமும் சுற்றமும்

பாலை இலுப்பைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலுப்பை, மகிழம், சப்போட்டா ஆகிய மூன்றும் இதற்கு உறவு. இக்குடும்பத்து மரங்களின் பட்டையைக் கீறினால் வெண்மையான பால் சுரக்கும். இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கிளையில் அமைந்து, நுனியில் நெருங்கி நிற்கும். கனி சதைப்பற்றுள்ளதாகவும், விதை வழவழப்பாகவும், அதன் ஒரு புறத்தில் தழும்பு உள்ளதாகவும் இருக்கும். சப்போட்டாவின் விதையையும் இலுப்பையின் விதையையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவர் இந்த உறவை எளிதில் உணர்வர்.

இவற்றுள் சப்போட்டா பாலைக்கு மிக நெருங்கியது. இரண்டும் ‘மணில்காரா’ என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. சப்போட்டா மெக்சிகோவிலும் அதை அடுத்த மத்திய அமெரிக்க நாடுகளிலும் தோன்றிய மரம். அதன் பாலைக் காய்ச்சி எடுத்த பிசினே முற்காலத்தில் மெல்லும் மிட்டாய்க்கு மூலப்பொருளாயிற்று. கடல் கடந்து வந்த அந்த மரத்துக்கும், புதுக்கோட்டைச் செம்மண்ணில் தானே முளைக்கும் பாலைக்கும் உள்ள இரத்த உறவு, ரயத்துகளுக்குப் பெரும் பிரயோஜனமாகியிருக்கிறது. அது 8-ஆம் பிரிவில் விவரிக்கப்படும்.

4. மரத்தின் உறுப்புகள்

உருவம்: பாலை மெதுவாக வளர்ந்து நெடுங்காலம் நிற்கும் மரம். நல்ல மண்ணுள்ள இடத்தில் 40 முதல் 60 அடி உயரம் வளரும். காற்றும் வறட்சியும் மிகுந்த இடங்களில் குட்டையாகவும், கோணலான கிளைகளோடும் நிற்கும். தலைப்பகுதி அடர்ந்து பரந்து, கோடையிலும் கரும்பச்சை நிறம் மாறாமல் இருக்கும்.

பட்டை: கருஞ்சாம்பல் நிறம், முதிர்ந்த மரத்தில் ஆழமான வெடிப்புகளோடு சொரசொரப்பாக இருக்கும். கீறினால் பால் கசியும்.

இலை: 2 முதல் 4 அங்குல நீளமும், 1 முதல் 2 அங்குல அகலமும் கொண்டது. காம்பின் பக்கம் ஒடுங்கி, நுனியின் பக்கம் அகன்றிருக்கும். நுனி கூர்மையாக இராது. வட்டமாக முடிந்து, நடுவில் சிறிது உள்வாங்கியிருக்கும். இந்த உள்வாங்கிய நுனியே பாலையைக் கண்டறிவதற்கு முதல் அடையாளம். இலை தோல் போல் தடித்தது. மேற்புறம் பளபளப்பும், கீழ்ப்புறம் வெளிறிய நிறமும் உடையது.

பூ: பெருமழை ஓய்ந்து பனி தொடங்கும் காலத்தை ஒட்டி இலைக்கக்கங்களில் தனித்தும், சிறு கொத்தாகவும் பூக்கும். பூ சிறியது, வெண்மை அல்லது இளமஞ்சள் நிறமுடையது. தேனீக்கள் விரும்பி நாடும். புல்லி இதழ்கள் 6. அவை மூன்று மூன்றாக இரு வரிசையில் நிற்கும். அல்லி இதழ்களும் 6. ஆனால் ஒவ்வோர் அல்லி இதழின் முதுகிலும் இரண்டு துணை இதழ்கள் ஒட்டியிருப்பதால், எண்ணுகிறவர் கண்ணுக்கு 18 இதழ்கள் தோன்றும். மகரந்தம் தரும் கேசரங்கள் 6. அவற்றுக்கு இடையிடையே மகரந்தம் இல்லாத மலட்டுக் கேசரங்கள் வேறு 6 உண்டு.

கனி: ஏறக்குறைய அரை அங்குல நீளம், வேப்பம்பழத்தின் வடிவை ஒத்தது. பழுத்தால் மஞ்சள் நிறமாகும். பெரும்பாலும் ஒரே விதை இருக்கும். கோடையின் பிற்பகுதியில் பழுத்து உதிரும். இனிப்பு மிகுந்தது, ஆயினும் பால் இருப்பதால் அதிகமாகத் தின்றால் உதட்டில் பிசின் ஒட்டும். நன்றாகப் பழுத்ததையே உண்ண வேண்டும்.

5. ஒத்த மரங்களினின்று பிரித்தறிதல்

கோயில் காட்டுக்குள் செல்லும் அங்கத்தினர் பின்வரும் வேற்றுமைகளை நினைவில் வைத்தால் போதும்.

வெட்பாலைக்கு இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாய் இருக்கும். காய் நீண்ட இரட்டைக் குச்சிகள் போல் தொங்கும். பாலைக்கு இலை எதிரெதிராக இராது. காயும் குச்சி போன்றதன்று.

ஏழிலைப்பாலைக்குக் கணுவொன்றில் ஏழு அளவில் இலைகள் சக்கரம் போலச் சூழ்ந்து நிற்கும்.

மகிழத்துக்கு இலையின் விளிம்பு அலை போன்றிருக்கும். நுனி கூர்மை உடையது. பூவில் புல்லி இதழ்கள் 8. துணை இதழ்களோடு சேர்த்து எண்ணினால் அல்லி இதழ்கள் 24. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் மகிழமே தலமரமாதலால், அங்கே உதிரும் பூவை எடுத்துச் சிறுவர்களை எண்ணச் செய்யலாம். எட்டும் இருபத்து நான்குமானால் மகிழம். ஆறும் பதினெட்டுமானால் பாலை. கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே செய்யத்தக்க பரீட்சை இது.

சப்போட்டாவின் இலை பாலையின் இலையை ஓரளவு ஒத்ததாயினும், நுனி உள்வாங்கியிராது. கனியும் பருத்துப் பழுப்பு நிறமாக இருக்கும்.

6. வறண்ட நாட்டில் உதிரா இலை

புதுக்கோட்டை மாவட்டத்திற்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வருகிறது. அதன் பின் பல மாதங்கள் வறட்சி. வறட்சி நீண்ட இடத்தில் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மழையை எதிர்நோக்கி நிற்பது இயற்கை. குளிர் நாடுகளில் இதே உபாயத்தை வேறு காரணத்துக்காகக் கையாளுகின்றன. கனடா நாட்டின் கொடியில் இலை பொறிக்கப்பட்ட மேப்பிள் மரம், பனிக்காலத்தில் நிலத்து நீர் உறைந்து வேருக்கு எட்டாமற் போவதால், அதற்கு முன்பே இலைகளைச் செந்நிறமாக்கி உதிர்த்துவிடுகிறது.

பாலை அவ்வாறு செய்வதில்லை. சித்திரை வெயிலிலும் இலையைத் தாங்கி நிற்கிறது. இதற்குக் காரணம் அதன் இலையின் அமைப்பிலேயே இருக்கிறது. தடித்த தோலும், மேற்பூச்சாக அமைந்த மெழுகும் நீர் ஆவியாகிப் போவதைக் குறைக்கின்றன. வேர் ஆழச் சென்று நீரைத் தேடுகிறது. செலவைச் சுருக்கி, வரவை ஆழத்திலிருந்து தேடும் குடும்பத்தைப் போன்றது இம்மரத்தின் வாழ்க்கை. அவ்வாறு சிக்கனமாக வாழ்வதனாலேயே அதன் வளர்ச்சியும் மெதுவாக இருக்கிறது.

மேப்பிளைப் பற்றிப் பேசும்போது ஒரு தவறான எண்ணத்தையும் விலக்க வேண்டும். மேப்பிளின் அடிமரத்தில் துளையிட்டு எடுக்கும் இனிப்பு நீரைக் காய்ச்சிப் பாகு செய்கின்றனர். ஏறக்குறைய 40 படி நீர் ஒரு படிப் பாகாகச் சுண்டும். அந்த நீர் கட்டையின் வழியே ஓடும் உணவுச் சாறு. பாலையின் பால் அத்தகையதன்று. பட்டைக்குள் உள்ள தனிக் குழல்களில் இருந்து, காயம் பட்ட இடத்தை அடைக்கவும், பூச்சிகளைத் தடுக்கவும் உதவுவது அது. ஆகையால் பால் எடுப்பதற்காகப் பாலையைக் கொத்துவது வீண். மரத்துக்குக் கெடுதியும் ஆகும். சாஸ்திர முறையில் மேப்பிளுக்கு உறவு பாலை அன்று, பூந்திக்கொட்டை மரமே.

இவ்வாறு வறண்ட நாட்டில் இலை உதிராத மரங்கள் கூடி வாழும் காட்டுக்கு ‘உலர் பசுமைமாறாக் காடு’ என்பது பெயர். இவ்வகைக் காடு சோழமண்டலக் கரையை ஒட்டிய குறுகிய நிலப்பகுதியிலும், இலங்கையின் வறண்ட பகுதியிலும் காணப்படுவது. பாலையோடு வீரை, காயா, கருங்காலி, குருந்து முதலியவை இதில் வளரும். ஆவுடையார்கோயிலில் மாணிக்கவாசகர் உபதேசம் பெற்றதாகப் போற்றப்படும் குருந்தும் இக்காட்டு மரமே. கோடிக்கரை வனவிலங்குச் சரணாலயத்தில் பாலை மிகுந்த இத்தகைய காடு ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் மரமடக்கி, அறையப்பட்டி, சண்முகநாதபுரம் முதலிய ஊர்களின் காடுகளைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மரம் மரமாக எண்ணி ஆராய்ந்தனர். கிராமத்தார் சாமிக்குப் பயந்து விட்டுவைத்த காடு, உலகத்து அறிஞர்களுக்குப் பாடசாலையாயிற்று.

7. கட்டையின் வலிமையும் அதனால் வந்த கேடும்

பாலைக் கட்டை செம்பழுப்பு நிறமானது, மிகக் கடினமானது. உலர்ந்த கட்டை கன அடிக்கு ஏறக்குறைய 70 பவுண்டு நிறை உடையது. மெட்ரிக் அளவில் கன மீட்டருக்குச் சுமார் 1,100 கிலோ. ஒரு கன அடித் தண்ணீரின் நிறை 62 பவுண்டுக்குச் சற்று அதிகம். ஆகவே பாலைக் கட்டை தண்ணீரில் மிதவாது, மூழ்கும். நெல் குற்றும் உலக்கைக்கும், எண்ணெய்ச் செக்குக்கும், வீட்டுத் தூணுக்கும், கருவிகளின் பிடிக்கும் இது தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணம் இந்த உறுதியே. உலக்கைப்பாலை என்னும் பெயரே இதற்குச் சான்று.

மரத்தின் உயர்ந்த குணமே அதற்கு எமனாகவும் முடிந்தது. நல்ல கட்டை வேண்டியவர் முதிர்ந்த மரத்தையே தேடி வெட்டினர். அரிசி ஆலையும் எண்ணெய் ஆலையும் வந்த பின்னர் உலக்கைக்கும் செக்குக்கும் தேவை குறைந்தது. அதனால் மரம் பிழைக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தேவை குறைந்தபோது, அம்மரத்தின் மேல் ஊராருக்கு இருந்த அக்கறையும் குறைந்தது. புன்செய்க் காடுகள் திருத்தப்பட்டன. விறகுக்கும் கரிக்கும் மரங்கள் சென்றன. சீமைக்கருவேல் தரிசு நிலங்களில் பரவியது.

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சு மாதத்தில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் சேர்ந்தது. 1974 ஜனவரி 14-இல் தனி மாவட்டமாயிற்று. அதே 1974-இல் அமைந்த தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம், காகித ஆலைகளுக்கு வேண்டிய மரக்கூழுக்காக இம்மாவட்டத்தில் தைல மரத் தோட்டங்களைப் பெரிய அளவில் வளர்த்தது. தைல மரம் சில ஆண்டுகளில் வெட்டுக்கு வந்து வருமானம் தருவது, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டுக் குறித்த காலத்தில் வெட்டும் தோட்டத்தில், பாலை போன்ற மந்த வளர்ச்சியுள்ள மரம் முளைத்துத் தலையெடுக்க அவகாசம் இல்லை. அத்தோட்டங்களின் வேர் நீரைக் குடிக்கிறதென்று ரயத்துகள் நெடுநாளாக முறையிட்டு வந்திருக்கின்றனர்.

இவ்வளவுக்கும் தப்பி நின்றவை ஐயனார் கோயில் காடுகள். அங்கே பச்சை மரத்தை வெட்டலாகாது, உலர்ந்த சுள்ளியையும் கோயில் காரியத்துக்கன்றி எடுக்கலாகாது என்னும் கட்டுப்பாடு பல ஊர்களில் வழிவழியாக இருந்து வந்தது. எழுதப்படாத அந்தக் கட்டுப்பாடே பாலையின் விதையை இன்றைய தலைமுறைக்குக் கொடுத்தது. ஆனால் கட்டுப்பாடும் தானாக நிற்பதன்று. கோயிலைப் பெரிதாக்கிக் கட்டும்போதும், வண்டி நிறுத்த இடம் செய்யும்போதும், காட்டின் ஓரம் சிறிது சிறிதாகத் தேய்கிறது. பக்தியினால் காக்கப்பட்ட காட்டைப் பக்தியின் பெயராலேயே அழிப்பது பொருந்தாது.

8. பாலையும் சப்போட்டாவும்

பாலையைக் காப்பதில் பணப்பயன் இல்லை என்று எண்ணுவோர் இப்பிரிவை நன்றாகக் கவனிக்க வேண்டும்.

சப்போட்டாவை விதையிலிருந்து வளர்த்தால் காய்ப்பதற்கு நெடுங்காலம் செல்லும். தாய்மரத்தின் குணமும் மாறக்கூடும். ஆகையால் அதை ஒட்டுக் கன்றாகவே நடுவது வழக்கம். அந்த ஒட்டுக்கு அடிச்செடியாக மிக உகந்தது பாலைக் கன்றே என்பது அனுபவத்திலும் ஆராய்ச்சியிலும் உறுதியான செய்தி. பாலையின் வேர் வறட்சியைத் தாங்கும். சப்போட்டாக் கிளையோடு எளிதில் இணையும். அதன் மேல் ஏறிய சப்போட்டா செழித்துக் காய்க்கும். கடையில் வாங்கும் ஒவ்வொரு நல்ல சப்போட்டா ஒட்டுக் கன்றின் கீழும் பெரும்பாலும் ஒரு பாலை மரத்தின் வேர் இருக்கிறது.

ஒட்டுக் கட்டும் முறை வருமாறு. விதையிலிருந்து முளைத்த பாலைக் கன்றைத் தொட்டியில் வளர்த்து, தண்டு எழுதுகோல் பருமன் அடைந்ததும், நன்கு காய்க்கும் சப்போட்டாத் தாய்மரத்தின் கிளை அருகே தொட்டியோடு வைக்க வேண்டும். இரண்டின் தண்டிலும் ஏறக்குறைய 2 அங்குல நீளத்துக்குப் பட்டையோடு சிறிது கட்டையும் சீவி, சீவிய பரப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி இறுகக் கட்ட வேண்டும். இரண்டு மூன்று மாதங்களில் ஒட்டு இணையும். பின்னர் ஒட்டுக்கு மேலுள்ள பாலையின் தலையையும், ஒட்டுக்குக் கீழுள்ள சப்போட்டாக் கிளையையும் படிப்படியாக அறுத்துவிட வேண்டும்.

நடும்போது ஒட்டு நிலமட்டத்துக்கு அரை அடியேனும் மேலே இருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே தளிர் விட்டால் உடனே கிள்ளிவிட வேண்டும். அந்தத் தளிர் பாலையினுடையது. அதை விட்டுவைத்தால் சப்போட்டா நலிந்து, சில ஆண்டுகளில் தோட்டத்தில் பாலை மரமே நிற்கும். பாலையைக் காப்பது நன்றாயினும், சப்போட்டாத் தோப்பில் அதைக் காப்பது ரயத்துக்கு நஷ்டம்.

இங்கே ஒரு முக்கியமான உண்மை விளங்கும். பாலைக் கன்று ஒட்டுக் கட்டும் பருமன் அடைய 2 ஆண்டுகளோ, அதற்கு மேலுமோ ஆகும். அதற்கு விதை வேண்டும். பழைய விதை சரிவர முளைப்பதில்லை. அந்தந்த ஆண்டின் புது விதையே ஏற்றது. நெல்லைப் போலக் குதிரில் இட்டுப் பல ஆண்டு வைக்கக்கூடிய விதையன்று இது. ஆகவே பாலையின் விதைக்களஞ்சியம் உயிரோடு நிற்கும் தாய்மரமே. தாய்மரம் விழுந்தால் களஞ்சியமும் போயிற்று.

9. பிற நாட்டு அனுபவம்

குஜராத்தில் இம்மரத்தை ராயண் என்றும், வட இந்தியாவில் கிர்ணி என்றும் அழைத்து, அதன் பழத்தைச் சந்தையில் விற்கின்றனர், உலர்த்தியும் வைக்கின்றனர். இலங்கையின் வன்னிப் பகுதியில் தமிழர் பாலைப்பழக் காலத்தை ஆவலோடு எதிர்பார்ப்பர். பழத்தைக் காட்டிலிருந்து கொணர்ந்து வழியோரங்களில் விற்பதும் அங்கே வழக்கம். சிங்களர் இதைப் பலு என்பர். வில்பத்து, யால காடுகளில் கரடிகள் பழக்காலத்தில் பாலை மரமேறி உண்பது பிரசித்தம். பழத்தை உண்ணும் பறவைகளும் விலங்குகளும் விதையைத் தூரத்தில் கொண்டுபோய் இடுவதாலேயே இயற்கையில் இம்மரம் பரவுகிறது. புதுக்கோட்டையில் கோயில் காடுகள் தனித்தனித் தீவுகள் போல் நிற்பதால், இந்த வேலையில் மனிதனும் பங்கு கொள்ள வேண்டியிருக்கிறது.

1968-இல் தொடங்கிய ஆரோவில்லில், வெடித்துக் கிடந்த செம்மண் மேட்டில் வரப்புகள் இட்டு மழைநீரைத் தேக்கி, உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களின் விதைகளைப் பழைய கோயில் காடுகளிலிருந்து திரட்டி நட்டனர். இன்று அங்கே காடு நிற்கிறது. அழிந்த காட்டை மீட்கலாம் என்பதற்கு அது சான்று. மீட்பதற்கு விதை தரும் காடு எங்கேனும் எஞ்சியிருக்க வேண்டும் என்பதற்கும் அதுவே சான்று.

10. சங்கங்கள் செய்யக்கூடியவை

முதலாவது, கணக்கெடுப்பு. ஊர் எல்லையில் உள்ள பாலை மரங்கள் எத்தனை, எங்கெங்கே நிற்கின்றன, அடிமரத்தின் சுற்றளவு யாது என்பவற்றை ஒரு புத்தகத்தில் பதிய வேண்டும். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்புதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைந்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். சங்கம் எடுத்த கணக்கை அப்பதிவேட்டில் சேர்க்கச் செய்தால், மரத்துக்கு எழுத்து மூலமான சாட்சி உண்டாகும்.

இரண்டாவது, விதை சேகரிப்பு. உதிர்ந்த பழங்களையே பொறுக்க வேண்டும். கிளையை உலுக்கவோ ஒடிக்கவோ கூடாது. கோயில் காட்டில் பொறுக்குவதற்குக் கோயில் பொறுப்பாளரின் அனுமதியைப் பெற வேண்டும். பறவைகளுக்கும், தரையில் தானே முளைப்பதற்கும் ஒரு பங்கை விட்டுவைக்க வேண்டும்.

மூன்றாவது, நாற்றங்கால். சதையைக் கழுவி நீக்கி, விதையை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, மணலும் மட்கிய எருவும் கலந்த பாத்தியில் அரை அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். நிழலும் அளவான ஈரமும் தேவை. கன்று சில இலை விட்டபின் வேர் அறாமல் எடுத்துப் பைகளில் மாற்ற வேண்டும்.

நான்காவது, விநியோகம். உதாரணமாக, ஒரு சங்கம் 400 விதை ஊன்றிப் பாதி முளைத்ததாகக் கொண்டால் 200 கன்றுகள் கிடைக்கும். அவற்றில் 150 கன்றுகளை ஒட்டுக் கட்டும் நாற்றுப் பண்ணைகளுக்கு விற்றால், நாற்றங்காலின் செலவுக்கு வரவு உண்டாகும். மீதி 50 கன்றுகளைக் கோயில் காட்டின் தேய்ந்த ஓரங்களிலும், ஊரணி மேட்டிலும், பள்ளிக்கூட வளாகத்திலும் நடலாம். விற்பனைக் கணக்கைத் தனித் தலைப்பில் எழுதி மகாசபைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

ஐந்தாவது, காவல். நட்ட கன்றுக்கு முதல் இரண்டு கோடைகளிலும் தண்ணீர் விடவேண்டும். ஆடு கடிக்காமல் முள்வேலி வேண்டும். ஒரு கன்றுக்கு ஓர் அங்கத்தினர் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது உத்தமம். எல்லாருக்கும் பொதுவான கன்று ஒருவருக்கும் உரியதன்று என்பது கிராமத்து அனுபவம்.

ஆறாவது, சட்டக் காப்பு. அரிதான உயிரினங்கள் உள்ள இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசாங்கம் அறிவிக்க மேற்கூறிய சட்டத்தில் வழி உண்டு. தமிழ்நாட்டில் முதன்முதலாக மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரகோயில் காடு 2025-இல் அறிவிக்கப்பட்டது. அது கோயில் காடு என்பதைப் புதுக்கோட்டைக் கிராமங்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ஊரார் ஒருமனப்பட்டுத் தீர்மானம் செய்து விண்ணப்பிப்பதே இதற்கு முதற்படி.

11. பாடச் சுருக்கம்

பாலை இலுப்பைக் குடும்பத்து மரம். சப்போட்டாவுக்கு நெருங்கிய உறவு. உள்வாங்கிய இலைநுனியும், வெண்பாலும், ஆறு கேசரமும், ஒற்றை விதையுள்ள மஞ்சள் கனியும் அதன் அடையாளங்கள். வறட்சியிலும் இலை உதிராது, மெதுவாக வளரும், தண்ணீரில் மூழ்கும் கட்டையை உடையது. வெட்டி விற்றால் ஒரு முறை பணம். நிற்கவிட்டால் காய்க்கும் காலந்தோறும் விதை, விதையிலிருந்து கன்று, கன்றிலிருந்து ஒட்டு. சேமிப்பின் முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுத்துச் செலவிடுவது எத்தகைய அறிவுடைமையோ, தாய்மரத்தைத் தொடாமல் விதையை எடுப்பதும் அத்தகையதே. நாணய சங்கத்தின் அங்கத்தினருக்கு இதை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

12. அங்கத்தினர் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

(1) பாலைப் பூவுக்கும் மகிழம்பூவுக்கும் இதழ் எண்ணிக்கையில் உள்ள வேற்றுமை யாது?

(2) பாலைக் கட்டை நீரில் மூழ்குவதற்குக் காரணம் என்ன?

(3) சப்போட்டா ஒட்டில் கீழ்த்தளிரைக் கிள்ளாவிட்டால் என்ன நேரிடும்?

(4) பாலை விதையைப் பல ஆண்டு சேமித்து வைக்க இயலாமையால், ஊருக்கு உண்டாகும் கடமை யாது?

(5) இவ்வூரின் எல்லைக்குள் எத்தனை பாலை மரங்கள் நிற்கின்றன? அவற்றுள் மிக முதிர்ந்தது எது? அதன் அடியில் இளங்கன்று ஏதேனும் முளைத்திருக்கிறதா?

ஐந்தாவது வினாவுக்குரிய விடையை அங்கத்தினர் நேரில் சென்று கண்டுவந்து, அடுத்த கூட்டத்தில் எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும்.